தேவாலயப் பைப் ஓர்கன்: ஸ்டொப்புகளும் பிரிவுகளும்

பைப் ஓர்கன் என்பது, துருத்தியோ மின்விசிறியோ தள்ளும் காற்றைக் குழல்களுக்குள் செலுத்தி, கட்டைவரிசையால் இயக்கப்படும் இசைக்கருவி. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தெசிபியஸ் என்ற பொறியாளர் நீரின் அழுத்தத்தைக் கொண்டு காற்றைச் சீராக்கி அமைத்த கருவியே இதன் மூதாதை. பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் மேற்கு ஐரோப்பியத் தேவாலயங்கள் இதைத் தமக்கென எடுத்துக்கொண்டன.

இலங்கையில் ஒல்லாந்தர் கட்டிய இரு பெரிய தேவாலயங்களிலும், அதாவது காலிக் கோட்டையின் குரூட் கெர்க்கிலும் கொழும்பு வுல்பெண்டால் தேவாலயத்திலும், பைப் ஓர்கன் உண்டு. கண்டியின் கதை வேறு. ஒல்லாந்தர் இந்நகரை ஆண்டதில்லை. 1815இல் இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன பிறகே இங்கே அங்கிலிக்கன் தேவாலயங்கள் எழுந்தன. தலதா மாளிகைக்கு அருகே செங்கல்லில் நிற்கும் புனித பவுல் அங்கிலிக்கன் தேவாலயத்தின் கட்டட வேலை 1843இல் தொடங்கியது; 1853இல் கொழும்பின் முதல் ஆயர் ஜேம்ஸ் சப்மன் அதை அபிஷேகம் செய்தார். ஆகவே கண்டி வாசகர் ஓர்கனைப் பற்றி அறிய வேண்டுமானால் ஆங்கிலேய மரபிலிருந்து தொடங்குவதே முறை. கிரேட், ஸ்வெல், கொயர் என்ற பிரிவுப் பெயர்கள் அந்த மரபுக்கு உரியவை.

ஸ்டொப் என்பது என்ன

ஓர்கனிஸ்ட் இருக்கையின் இருபுறமும் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ்கள்தாம் ஸ்டொப்புகள். ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு பெயரும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு குமிழை இழுத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். குழல்கள் நட்டு வைத்த மரப்பெட்டியின் மேல்தளத்துக்குள், ஒரு வரிசைக் குழல்களின் அடியில், துளையிட்ட நீண்ட மரப்பட்டி ஒன்று கிடக்கிறது. குமிழை இழுத்ததும் அந்தப் பட்டி சிறிது நகர்கிறது. அதன் துளைகளும் குழல்களின் அடித்துளைகளும் நேர்கோட்டில் வந்து நிற்கின்றன. இன்னும் ஒலி எழவில்லை. கட்டையை அழுத்தும்போது கீழே தோல் ஒட்டிய சிறு கதவொன்று திறந்து, அந்தச் சுரத்துக்குரிய வாய்க்காலில் காற்று பாய்கிறது. கதவு திறந்து, பட்டியும் வழிவிட்டால்தான் குழல் பாடும். குமிழை உள்ளே தள்ளிவிட்டால், கட்டையை எத்தனை முறை அழுத்தினாலும் அந்த வரிசை ஊமை.

கைக்கட்டைவரிசையில் வழக்கமாக 61 கட்டைகள். ஆகவே ஒரு சாதாரண ஸ்டொப்புக்கு 61 குழல்கள். மிக்சர் எனப்படும் ஸ்டொப்பில் ஒரு கட்டைக்கே மூன்று, நான்கு குழல்கள் சேர்ந்து ஒலிக்கும். நான்கு வரிசை மிக்சர் ஒன்று 244 குழல்களைக் கேட்கும். இந்தக் கணக்கில் அறுபது ஸ்டொப் கொண்ட ஓர்கனில் குழல்கள் நாலாயிரத்தை நெருங்கிவிடும். முகப்பில் பளபளக்கும் சில டசின் குழல்களைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று நினைப்பவருக்கு, பின்னால் விரலளவுக் குழல்கள் முதல் ஆளுயரக் குழல்கள் வரை அடர்ந்து நிற்பது தெரிவதில்லை.

அடிக்கணக்கு

பெயருக்குப் பக்கத்தில் உள்ள எண் அடியைக் குறிக்கும். 8 என்று எழுதிய ஸ்டொப்பின் மிகத் தாழ்ந்த குழல், திறந்த குழலாக இருந்தால், ஏறத்தாழ எட்டடி நீளம். அது பியானோவில் அதே கட்டை தரும் சுருதியையே தரும். நீளம் பாதியானால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். ஆகவே 4 அடி ஸ்டொப் ஒரு ஸ்தாயி மேலே, 2 அடி இரு ஸ்தாயி மேலே, 16 அடி ஒரு ஸ்தாயி கீழே. குழலின் தலையை மூடிவிட்டால் பாதி நீளத்திலேயே அதே தாழ்ந்த சுருதி கிடைக்கும். ஒலி மட்டும் சற்று வெறுமையாக இருக்கும். இடமும் காசும் குறைந்த தேவாலயங்களில் போர்டன் என்ற மூடிய மரக்குழல் ஸ்டொப், காலால் வாசிக்கும் பெடலுக்கு வருவது இதனால்தான்.

முழு எண்ணில் இல்லாத ஸ்டொப்புகள் புதியவரைக் குழப்பும். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவருக்கு அதில் சிக்கலே இல்லை. 8 அடியைக் கீழ் ஷட்ஜம் என்று வைத்தால், 4 அடி அடுத்த ஷட்ஜம், 2⅔ அடி அதற்கு மேலுள்ள பஞ்சமம், 2 அடி இன்னும் ஒரு ஷட்ஜம், 1⅗ அடி அதற்கும் மேலே அந்தர காந்தாரம். நல்ல தம்புராவை மீட்டும்போது யாரும் தொடாத அந்தர காந்தாரம் தானாகக் காதில் விழுகிறதே, அதே இயற்கையைத்தான் ஓர்கன் செய்பவர் தனித்தனிக் குழல் வரிசைகளாகப் பிரித்து வைக்கிறார். இந்த ஸ்டொப்புகளைத் தனியே வாசிப்பதில்லை. 8 அடி ஸ்டொப்போடு சேரும்போது அவை தனிச் சுரமாகக் கேட்காமல், அடிப்படைச் சுரத்தின் நிறத்தை மட்டும் மாற்றும்.

மறுகோடியில், 32 அடி ஸ்டொப்பின் அடிக்குழல் வினாடிக்குப் பதினாறு அதிர்வையே எழுப்பும். காதைவிடக் கால்பலகைக்குத்தான் அது முதலில் தெரியும். சிட்னி நகர மண்டபத்தில் 1890இல் வில்லியம் ஹில் நிறுவனம் நிறுவிய ஓர்கனில் 64 அடி ஸ்டொப்பும் உண்டு. அதைப் பெருமைக்கு வைத்தது என்றே சொல்ல வேண்டும்.

நான்கு குடும்பங்கள்

ஸ்டொப்புகளின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் குடும்பங்கள் நான்கே. முதலாவது பிரின்சிபல் அல்லது டயபேசன். வேறெந்தக் கருவியையும் போலி செய்யாத, ஓர்கனுக்கே உரிய ஒலி இது. ஓப்பன் டயபேசன் 8, பிரின்சிபல் 4, ட்வெல்த் 2⅔, பிப்டீன்த் 2, அதன்மேல் மிக்சர் என்று அடுக்கிய கோர்வைதான் சபைப் பாட்டைத் தாங்கும் முதுகெலும்பு. புளூட் குடும்பத்துக் குழல்கள் அகலமானவை, பல மரத்தால் ஆனவை, மென்மையாக ஒலிப்பவை. ஸ்ட்ரிங் குடும்பத்துக் குழல்கள் ஒல்லியானவை. சாலிசியோனல், காம்பா ஆகியவை வயலின் இனத்தை நினைவூட்டும். வொக்ஸ் செலெஸ்ட் என்ற ஸ்டொப்பை வேண்டுமென்றே சிறிது சுருதி ஏற்றி வைப்பார்கள். பக்கத்து வரிசையோடு சேர்த்தால் ஒலி அலையலையாக நடுங்கும்.

இந்த மூன்றிலும் ஒலி குழலின் வாயில் பிறக்கிறது. நான்காவதான ரீட் குடும்பத்தில் மட்டும் வளைந்த பித்தளை நாக்கொன்று அடித்து அதிர்கிறது. ட்ரம்பெட், ஓபோ, கிளாரியன், ட்ரொம்போன் எல்லாம் இவ்வகை. தலதா மாளிகையில் பூசை வேளையில் ஹொரணை கேட்டவருக்கு நாக்கின் அதிர்வு எப்படிக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வரும் என்று விளக்கத் தேவையில்லை. ஹொரணையின் நாக்கு வாசிப்பவரின் உதட்டுக்குக் கட்டுப்படும். ஓர்கனின் நாக்கைக் கட்டுப்படுத்துவது அதன் மேல் அழுந்தி நிற்கும் சிறு கம்பி ஒன்றே.

பிரிவுகள்

பெரிய ஓர்கன் உண்மையில் ஒரே கூரைக்குள் இருக்கும் பல ஓர்கன்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் காற்றுப்பெட்டி, தனிக் கட்டைவரிசை, தனிக் குணம். கிரேட் பிரிவு தலைமையானது. டயபேசன் கோர்வை முழுமையாக இருப்பது இங்கேதான். ஸ்வெல் பிரிவின் குழல்கள் யாவும் ஒரு பெரிய மரப்பெட்டிக்குள் அடைபட்டிருக்கும். முன்புறத்துப் பலகைத் தட்டிகளை மிதிபலகையால் திறந்து மூடி ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம். 1712இல் லண்டன் புனித மக்னஸ் தேவாலயத்தில் ஜோர்டன் குடும்பத்தார் இதை அறிமுகப்படுத்தினர். அதற்கு முன் ஆங்கிலேய ஓர்கனில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டே அதன் அளவை மாற்ற வழியில்லை. ஆங்கிலேய ஓர்கனின் ஆத்துமா ஸ்வெல்லில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கொயர் பிரிவு பாடகர் குழுவுக்குத் துணை நிற்கும் மெல்லிய ஸ்டொப்புகளைக் கொண்டது. சோலோ பிரிவு நேர்மாறு. உயர்ந்த காற்றழுத்தத்தில் முழங்கும் டியூபா அங்கே இருக்கும். பெடல் பிரிவைக் கால்கள் வாசிக்கும். அதன் இயல்பான சுருதி 16 அடி. ஒல்லாந்த, ஜெர்மானிய மரபுகளில் ஓர்கனிஸ்டின் முதுகுக்குப் பின்னால், மாடத்தின் கைப்பிடிச் சுவரில் தொங்கும் தனிப் பிரிவொன்றும் உண்டு. கப்ளர் என்ற இணைப்பை இழுத்தால் ஒரு பிரிவின் கட்டை இன்னொன்றையும் சேர்த்து இயக்கும். ஸ்வெல்லைக் கிரேட்டோடு இணைப்பதே அன்றாடம் பயன்படுவது.

ஞாயிறு ஆராதனையில் ஒரு ஞானப்பாட்டு இப்படி நகரும். முதற் கவி கிரேட் டயபேசன் 8, 4. நடுவே ஜெப உணர்வுள்ள கவிக்கு ஸ்வெல்லில் ஓபோ, பெட்டி மூடியபடி. கடைசிக் கவிக்கு மிக்சரும் ட்ரம்பெட்டும் சேரும். முதற் கவியிலேயே எல்லாக் குமிழையும் இழுத்துவிடும் ஓர்கனிஸ்டுக்குக் கடைசிக் கவியில் போக இடம் இராது.

அளவில் உச்சம் வேண்டுவோருக்கு: அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி மண்டப ஓர்கனில் குழல்கள் 33,000க்கும் மேல், கட்டைவரிசைகள் ஏழு. லிவர்பூல் பேராலயத்தில் 10,268 குழல்கள்.

கண்டியின் காலநிலையும் கட்டடங்களும்

காற்று சூடாகும்போது ஒலியின் வேகம் கூடும். குழலின் சுருதியும் ஏறும். பத்துப் பாகை செல்சியஸ் ஏறினால் ஏறத்தாழ அரைச்சுரத்தில் மூன்றிலொரு பங்கு. இங்கிலாந்தின் 15 பாகைக் குளிரில் சுருதி சேர்த்த குழல் கண்டியின் 25 பாகையில் அந்த அளவு ஏறி நிற்கும். ஆனால் ரீட் நாக்குகள் அவ்வளவாக அசைவதில்லை. ஆகவே ஒரே ஓர்கனுக்குள் இரு சுருதிகள் முரண்படும். கண்டியில் ஆண்டு முழுதும் வெப்பம் பெரிதாக மாறாதது இந்த வகையில் ஓர்கனுக்கு வாய்ப்பு. பனிக்காலம், கோடை என்று அல்லாடும் ஐரோப்பிய ஓர்கன்களுக்கு அது இல்லை.

பகை ஈரப்பதம்தான். இரு பருவமழையும் எட்டும் மலைநகரில் மரப்பட்டி ஊதி இறுகினால் ஸ்டொப் இழுபடாது. கதவின் தோல் பூஞ்சணம் பிடித்து விறைத்தால் காற்று கசிந்து, யாரும் தொடாமலே ஒரு சுரம் விடாமல் அலறும். பிரசங்கத்தின் நடுவே இது நடந்தால் உடனடி வைத்தியம், எந்த ஸ்டொப்பில் அலறுகிறதோ அந்தக் குழலைக் கையால் தூக்கிவிடுவது. கறையானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கட்டடமும் ஒலியின் பாதி. சுவர் சூழ்ந்த உயர்ந்த கோதிக் கட்டடம் ஒலியைத் திருப்பித் தந்து கலக்கும். திரினிட்டிக் கல்லூரிச் சிற்றாலயம் அப்படியல்ல. எல். ஜே. காஸ்டர் வரைந்து, 1935இல் அபிஷேகமான அந்த ஆலயம் கண்டிய மண்டப மரபில், செதுக்கிய கற்றூண்களோடு, பக்கங்கள் திறந்து நிற்பது. டேவிட் பெயின்டரின் சுவரோவியங்களால் பேர்பெற்றது. அத்தகைய திறந்த மண்டபத்தில் எழும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பாமல் வெளியே போய்விடும். இங்கிலாந்துத் தேவாலயத்துக்கென வகுத்த ஸ்டொப் பட்டியலை அங்கே அப்படியே இறக்கினால் பலனிராது. இந்த நாட்டுக்குரிய அழகு எது என்று கேட்டுக் கட்டிய ஆலயத்தில் மனிதக் குரலே முதல் கருவி.

தமிழ் வழிபாட்டில்

தோட்டத் தமிழரிடையே 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. மலையக ஆராதனைகளில் ஐரோப்பிய மெட்டுகளைக் கொண்ட ஞானப்பாட்டுகளும், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் போன்றோர் வளர்த்த இராகக் கீர்த்தனைகளும் சேர்ந்தே வழங்குகின்றன. முன்னதற்கு ஓர்கன் இயல்பான துணை. பின்னதற்கு அல்ல. எத்தனை ஆயிரம் குழல் இருந்தாலும் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல எந்த ஸ்டொப்பாலும் முடியாது. கமகம் அதற்கு எட்டாது. இதே குறையைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. கீர்த்தனைக்கு 8 அடி புளூட் ஒன்றில் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பிடித்துச் சுருதியாக நின்றால், ஓர்கனும் அதற்கு உரிய மரியாதையைத் தரும்.

கண்டி போன்ற நகருக்கு நான்கு கட்டைவரிசை ஓர்கன் தேவையில்லை. கிரேட், ஸ்வெல், பெடல் என மூன்று பிரிவும், பதினைந்து இருபது ஸ்டொப்பும், பராமரிக்க உள்ளூரில் ஒரு தச்சரும் இருந்தால் போதும். மின்னணு ஓர்கன் வாங்கும் சபைகள் பழைய குழல்களை ஈயவிலைக்குக் கொடுப்பதற்கு முன், குமிழ்களில் உள்ள பெயர்களையும் அடிகளையும் வரிசை மாறாமல் எழுதி, படம் எடுத்துச் சபைப் பதிவேட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியல் இருந்தால் ஓர்கனைப் பிறகும் மீட்டெடுக்கலாம்.