பில்லி தோர்ப்: ஆஸ்திரேலிய ராக் இசைக்குச் சொந்தக் குரல் தந்தவர்

ஆஸ்திரேலிய ராக் இசை வரலாற்றில் மிக உரத்த இசைக்காக நினைவுகூரப்படுபவர் பில்லி தோர்ப். பிறரது பாடல்களைப் பாடிப் புகழ்பெற்று, அந்தப் புகழை இழந்து, ப்ளூஸ் இசையின் வழியே மீண்டும் எழுந்தவர் அவர். அவரது வாழ்க்கை, ஒரு நாட்டின் இசை தனக்கென ஒரு குரலைத் தேடிக்கொண்ட கதையும் ஆகும்.

குடியேறிய சிறுவன்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 1946 மார்ச் 29 ஆம் தேதி பிறந்த தோர்ப், 1955 இல் பெற்றோருடன் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் குடியேறினார். சிறுவயதிலேயே மேடையேறிய அவர், பின்னர் சிட்னிக்குச் சென்று ஆஸ்டெக்ஸ் என்ற குழுவின் பாடகரானார்.

1964 ஜூனில் பீட்டில்ஸ் குழுவினர் ஆஸ்திரேலியாவுக்கு வந்திருந்த வேளையில், சிட்னியின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் வகித்தது ஆஸ்டெக்ஸின் 'பாய்சன் ஐவி'. ஆனால் அது அமெரிக்காவின் கோஸ்டர்ஸ் குழு ஏற்கனவே பாடியிருந்த பாடல். அடுத்து பெருவெற்றி பெற்ற 'ஓவர் த ரெயின்போ'வும் பழைய ஹாலிவுட் திரைப்படப் பாடலே. வெளிநாட்டுப் பாடல்களை உள்ளூரில் பாடுவதும், பெயர் பெற்றதும் லண்டனுக்குப் புறப்படுவதும் அக்கால ஆஸ்திரேலியக் குழுக்கள் பலவற்றின் வழக்கமாக இருந்தது.

வீழ்ச்சியும் மாற்றமும்

ரசிகர்களின் ரசனை விரைவில் மாறியது. 1968 அளவில் தோர்ப் திவாலானார். லண்டன் செல்லும் எண்ணத்துடன் மெல்பர்ன் வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார்.

குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் லாபி லாய்ட் அங்கு ஆஸ்டெக்ஸில் இணைந்தார். அவரது தூண்டுதலால் தோர்ப் தாமே கிட்டாரைக் கையிலெடுத்தார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரத்தில் பிறந்த ப்ளூஸ் இசையை, பெரும் ஒலிபெருக்கிகளின் துணையுடன், நீண்ட வாசிப்புகளாக அவர்கள் வழங்கினர். கோட்டும் சூட்டும் அணிந்திருந்த பாப் பாடகர், நீண்ட தலைமுடியும் தாடியுமாகத் தோன்றினார். இது இசையல்ல, இரைச்சல் என்று குறை கூறியவர்களும் உண்டு.

சன்பரி விழா

1972 ஜனவரியில் மெல்பர்ன் அருகேயுள்ள சன்பரியில் நடந்த திறந்தவெளி இசைவிழா திருப்புமுனையாக அமைந்தது. உள்நாட்டுக் கலைஞர்களை நம்பியே நடத்தப்பட்ட அவ்விழாவில் சுமார் 35,000 பேர் கூடியதாகக் கணக்கிடப்படுகிறது. அதில் பெரும் வரவேற்பைப் பெற்றது ஆஸ்டெக்ஸ். தோர்ப் தாமே எழுதிய 'மோஸ்ட் பீப்பிள் ஐ நோ' என்ற பாடலும் அதே ஆண்டில் நாடெங்கும் பிரபலமானது.

அந்த விழாவின் முடிவும் கவனிக்கத்தக்கது. 1975 இல் பிரிட்டனின் டீப் பர்ப்பிள் குழு பெருந்தொகை கொடுத்து வரவழைக்கப்பட்டது. ஆனால் கூட்டம் குறைந்தது, அமைப்பாளர்கள் பெரும் நட்டமடைந்தனர். சன்பரி விழா அத்துடன் நின்றுபோனது.

அமெரிக்காவும் திரும்புதலும்

தோர்ப் 1976 இல் அமெரிக்கா சென்றார். அங்கு 1979 இல் வெளியான அவரது 'சில்ட்ரன் ஆஃப் த சன்' விண்வெளியைக் கருப்பொருளாகக் கொண்ட இசைத்தொகுப்பு. 1990களில் ஆஸ்திரேலியா திரும்பிய அவர், தமது இளமைக்கால அனுபவங்களை இரண்டு நூல்களாக எழுதினார். 2002 இல், மூத்த ராக் கலைஞர்கள் பலரை ஒரே மேடையில் சேர்த்த 'லாங் வே டு த டாப்' இசைப்பயணத்தை முன்னின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர்.

2007 பிப்ரவரி 28 ஆம் தேதி சிட்னியில் மாரடைப்பால் காலமானபோது அவருக்கு வயது 60. அதே ஆண்டு ஜூனில் 'ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா' விருது அவரது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. மொரோக்கோ இசையின் தாக்கத்துடன் அவர் உருவாக்கிவந்த 'டான்ஜியர்' 2010 இல் வெளியானது.

தோர்ப் இறந்த இரண்டு மாதங்களுக்குள் லாபி லாய்டும் புற்றுநோயால் காலமானார். ஆனால் அவர்கள் மெல்பர்னில் வளர்த்தெடுத்த உரத்த, ப்ளூஸ் சார்ந்த ராக் இசை, மதுவிடுதி மேடைகளில் வளர்ந்த அடுத்த தலைமுறைக் குழுக்களிடம் தொடர்ந்தது. லண்டனுக்குப் போகாமல் தங்கிவிட்டது தோர்ப்புக்கு மட்டுமல்ல, ஆஸ்திரேலிய இசைக்கும் நன்மையாகவே முடிந்தது.