மினாங்கபாவு நெற்கிராமம்: பெண்வழி நிலமும் வாழ்வும்

இந்தோனேசியாவின் மேற்குச் சுமாத்திரா மாநிலத்தில் மராப்பி, சிங்கலாங் எரிமலைகளைச் சுற்றிய மேட்டுநிலமே மினாங்கபாவு மக்களின் தாயகம். தானா டாத்தார், அகாம், லீமா பூலு கோத்தா ஆகிய மூன்று வட்டாரங்களை அவர்கள் தங்கள் மூல நாடாகக் கொள்கிறார்கள். மராப்பிச் சரிவிலுள்ள பரியாங்கான் என்ற ஊரில்தான் முதல் முன்னோர் குடியேறினர் என்பது மரபுக் கதை. மக்கள் முஸ்லிம்கள், தொழுகையிலும் நோன்பிலும் உறுதியானவர்கள். ஆனால் இங்கே பூர்வீக நெல்வயல் தந்தையிடமிருந்து மகனுக்குப் போவதில்லை, தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. தாய்வழிச் சமூகங்களில் உலகிலேயே பெரியது இதுதான்.

கிராமத்துக்கு ‘நாகரி’ என்று பெயர். பள்ளிவாசல், கூடிப் பேசும் மன்றம், குளிக்கும் துறை, வழிநடைப் பாதை எல்லாம் அமைந்தால்தான் ஓர் ஊர் நாகரி ஆகும். ஊருக்குள் குலங்கள் உண்டு. கோத்தோ, பிலியாங், போடி, சனியாகோ என்ற நான்கும் பழமையானவை. மற்றவை இவற்றிலிருந்து கிளைத்தவை. பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்வார்கள். ஒரே குலத்துக்குள் மணம் கிடையாது.

எரிமலைச் சாம்பல் கலந்த மண்ணும் வற்றாத மலையூற்றுகளும் நெல்லுக்கு ஏற்றவை. படிப்படியாக இறங்கும் வயல்களில் மேல்பாத்தியின் நீரே கீழ்ப்பாத்திக்கு வடிகிறது. அதனால் நீர்ப்பங்கீடு ஊர்ப்பொது விவகாரம். வாய்க்காலைக் கவனிக்கவும் முறைவைத்துத் திறந்துவிடவும் ‘தூவோ பண்டா’ என்றொரு பொறுப்பாளர் உண்டு. இந்தப் பாசனத்தின் பழமைக்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் ஆதித்தியவர்மன் என்ற மன்னன் சுருவாசோ என்ற ஊரருகே வெட்டி முடித்த வாய்க்காலின் பாறையில் இரண்டு கல்வெட்டுகள் இருந்தன. அவற்றில் ஒன்று தென்னிந்தியக் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டது. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த தென்னிந்திய வணிகர்கள் அந்த உள்நாட்டில் இருந்திருக்கிறார்கள் என்பதை இதிலிருந்து அறிஞர்கள் ஊகிக்கிறார்கள்.

சோலோக் வட்டாரத்து அரிசிக்கு மாநிலமெங்கும் தனி மதிப்பு. சோறு பொலபொலவென்று உதிர வேண்டும். குழைந்தால் மினாங்கபாவுச் சமையலுக்கு ஆகாது. நாற்று நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் வேலை, உழவு ஆண்களுடையது. ஒருவர் வயலில் இன்று, மற்றவர் வயலில் நாளை என்று முறைவைத்து உழைக்கும் குழுக்களுக்கு ‘ஜூலோ-ஜூலோ’ என்று பெயர். சொந்தக் கையால் உழ முடியாதவர்கள் விளைச்சலில் பாதி என்று வாரத்துக்கு விடுவார்கள். ஓடை நீரின் வேகத்தில் சுழன்று உலக்கையைத் தூக்கிப் போடும் மரச்சக்கரங்கள் அரிசி ஆலைகள் வரும்வரை நெல் குற்றின.

குடும்பத்தின் செல்வம் வீட்டு முற்றத்திலேயே தெரியும். எருமைக் கொம்புபோல் வளைந்தெழும் கூரை கொண்ட ‘ரூமா கடாங்’ என்ற பெரிய வீட்டின் முன்னே, அதே கூரை அமைப்பில் நெற்குதிர்கள் கால் ஊன்றி நிற்கும். ஒன்றிலுள்ள நெல் அன்றாட உணவுக்கு. இன்னொன்று விற்று வேண்டியதை வாங்குவதற்கும் விருந்தினருக்கும். மூன்றாவது பஞ்ச காலத்துக்கும் இல்லாதவர்களுக்கும். ஏழைக்கென்றே தனிக் குதிர் ஒதுக்கிக் கட்டிய அந்த ஏற்பாட்டில் இம்மக்களின் சொத்து நெறி முழுதும் அடங்கியிருக்கிறது எனலாம். வீட்டின் பின்வரிசை அறைகள் மணமான மகள்களுக்கானவை. வயதறிந்த பையனுக்கு முன்பு அங்கே படுக்க இடமிருந்ததில்லை. அவன் இரவில் ‘சுராவ்’ என்ற சிறு தொழுகை இல்லத்தில் உறங்கி, ஓதவும் தற்காப்புக் கலையும் கற்றான்.

சொத்து இரண்டு வகை. தலைமுறைகளாக வந்த வயல், வீட்டுமனை, மீன்குளம் ஆகியவை ‘புசாக்கோ திங்கி’ எனப்படும் பூர்வீகச் சொத்து. இது தனி ஆளுடையதன்று. ஒரு மூதாட்டியின் பெண்வழிக் கிளை முழுவதற்கும் உரியது. ஒவ்வொரு பெண்ணுக்கும் சில பாத்திகள் பிரித்துக் கொடுக்கப்படும். அவள் பயிரிடலாம், உண்ணலாம், தன் மகள்களுக்கு விடலாம், விற்க முடியாது. ஒருவர் தம் உழைப்பால் தேடியது ‘புசாக்கோ ரண்டா’. அது இரண்டு மூன்று தலைமுறை பாகம் பிரியாமல் கிடந்தால் பூர்வீகத்தோடு கலந்துவிடும்.

இந்தச் சொத்துக்குக் காவலர் ‘மாமாக்’, அதாவது தாயின் உடன்பிறந்தவர். எல்லைத் தகராறு, அடமானம், திருமணம் எல்லாவற்றிலும் கிளையின் சார்பாகப் பேசுவது அவரே. ஆனால் வயலின் விளைச்சல் அவருடையதன்று. ‘டாத்துக்’ என்ற தலைவர் பட்டமும் அவருடைய மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்கே போகும். மூத்த பெண்மணியான ‘புண்டோ கண்டுவாங்’ இசையாமல் மாமாக் நிலத்தில் கை வைப்பது முறையன்று.

கணவன் மனைவியின் வீட்டுக்கு வருபவன். எரிந்த மரக்கட்டைமேல் படிந்த சாம்பல் போன்றவன், காற்றடித்தால் பறந்துவிடுவான் என்று பழமொழி அவனை வருணிக்கிறது. முன்பு அவன் இரவில் மனைவி வீட்டிலும் பகலில் சகோதரியின் வயலிலுமாக இருந்தான். இப்போது கணவன், மனைவி, பிள்ளைகள் தனிவீட்டில் வாழ்வதே வழக்கம். அந்த வீடும் மனைவியின் குலநிலத்தில்தான் எழும்புகிறது. மணமுறிவு நேர்ந்தால் தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டை விட்டு வெளியேறுபவன் கணவன். நிலமில்லாத இந்த நிலைதான் இளைஞர்களை ‘மெரந்தாவ்’ என்ற வெளியூர்ப் பயணத்துக்குத் தள்ளியது. இந்தோனேசிய நகரங்களெங்கும் மினாங்கபாவுச் சமையலைப் பரிமாறும் பாடாங் உணவகங்கள் அதன் விளைவே. மலேசியாவின் நெகிரி செம்பிலானில் இன்றும் வழங்கும் தாய்வழி வழமையும் இப்படிப் போனவர்கள் கொண்டுசென்றதுதான்.

பூர்வீக வயலை அடகு வைக்க மரபு நான்கு காரணங்களை மட்டும் ஏற்கிறது: பெரிய வீட்டின் கூரை ஒழுகுதல், வயது வந்த பெண்ணுக்கு மணமாகாதிருத்தல், வீட்டில் பிணம் கிடத்தல், காலியான தலைவர் பட்டத்தை மீண்டும் ஏற்றுதல். கடனைப் பொன் கணக்கில் பேசுவார்கள். திருப்பும்வரை கடன் கொடுத்தவர் வயலைப் பயிரிட்டு உண்பார். ஏழாண்டு கடந்த அடமான நிலம் பணமின்றித் திரும்ப வேண்டும் என்று 1960இல் அரசு சட்டம் செய்தும், ஊர்கள் பழைய முறையிலேயே நிற்கின்றன. இன்று படிப்புச் செலவுக்கும் வியாபார முதலுக்கும்கூட வயல் அடகு போகிறது.

இந்தப் பெண்வழிச் சொத்துரிமை முறையை மார்க்க அறிஞர்கள் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். மக்காவில் இமாமாக இருந்த அகமது காத்திப் பிறப்பால் மினாங்கபாவு. சகோதரி பிள்ளைகளுக்குச் சொத்து போவதை அவர் முற்றாகக் கண்டித்தார். எழுத்தாளர் ஹம்காவின் தந்தை ஹாஜி ரசூல், அகமது காத்திப்பின் மாணவர். இந்த மாணவரோ பூர்வீக நிலத்தை வக்பு என்ற அறச்சொத்து போலக் கருதலாம் என்று வழிகண்டார். 1952இல் புக்கித்திங்கியில் கூடிய குலத்தலைவர்களும் உலமாக்களும் கற்றோரும், பூர்வீகம் மரபுப்படியும் சுயசம்பாத்தியம் இஸ்லாமியச் சட்டப்படியும் இறங்கட்டும் என்று முடிவு செய்தனர். நடைமுறையில் தந்தையின் தேட்டம் பிள்ளைகளுக்கே போகத் தொடங்கிவிட்டது.

அரசு தந்த அடி வேறு வகை. நாடெங்கும் கிராம நிர்வாகத்தை ஒரே அச்சில் வார்த்த 1979ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே 1983இல் நடைமுறைக்கு வந்து, 543 நாகரிகளை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றூர்களாகச் சிதறடித்தது. 2000ஆம் ஆண்டு மாநில ஒழுங்குவிதி நாகரியை மீட்டது. இயற்கையும் அடி தந்தது: 2024 மே மாதம் மராப்பியிலிருந்து மழையோடு இறங்கிய எரிமலைச் சேறு அகாம், தானா டாத்தார் உள்ளிட்ட வட்டாரங்களில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்று, வயல்களையும் மூடியது.

இன்றைய பெரும் சோதனை நிலப் பட்டா. கிளை முழுவதற்கும் உரிய வயல் ஒரு மாமாக்கின் பெயரிலோ ஒரே பெண்ணின் பெயரிலோ மட்டும் பதிவானால், அது வங்கி அடமானத்துக்கும் விற்பனைக்கும் ஏற்ற சரக்காகிவிடுகிறது. கிளை உறுப்பினர் அனைவருக்கும் உரியதென்று எழுதாத பட்டா பூர்வீக நிலத்துக்குப் பாதுகாப்பாகாது.