சோழமண்டலக் கரையின் சாயச் சித்திரத் துணி

பருத்தித் துணியில் எழுதுகோலால் சித்திரம் வரைந்து, செடிச் சாயத்தில் தோய்த்து நிறமேற்றும் கலை. கலம்காரி என்ற பெயரே இன்று பரவலாக வழங்குகிறது. மசூலிப்பட்டினம் முதல் காவிரிக் கழிமுகம் வரை இதற்குப் பட்டறைகள் இருந்தன. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கம்பெனிகள் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றன.

தன் நாட்டு நெசவாளரின் எதிர்ப்புக்குப் பணிந்து பிரான்ஸ் 1686இல் சித்திரத் துணிக்குத் தடை விதித்தது. 1759இல்தான் அது நீங்கியது. தடை நடப்பிலிருந்தபோதே, 1739இல், காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. சொந்த நாட்டில் விற்கக்கூடாத சரக்கை மறுஏற்றுமதிக்கென்று இந்தக் கரையில் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது வேடிக்கைதான்.

அதே காலத்தில் செய்முறையும் கடல் கடந்தது. 1734 வாக்கில் புதுச்சேரியில் சாயக்காரரின் வேலையை அருகிலிருந்து பார்த்த கப்பல் அதிகாரி போலியே, படிப்படியாக எழுதி, 11 துணி மாதிரிகளுடன் வேதியியலாளர் துய்ஃபேக்கு அளித்தார். 1742இல் இயேசு சபைப் பாதிரியார் கேர்தூ, மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டறிந்ததைக் கடிதமாக எழுதினார். அறிவியல் ஆர்வம் இருந்தது உண்மை. ஆனாலும் இது தொழில் வேவுதான்.

அவர்களை வியக்க வைத்தது வண்ணம் அன்று, வேதியியல். துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு உலோக உப்பைப் பற்றிக்கொள்ளும். பாலின் கொழுப்பு கோடு கசியாமல் காக்கும். வெல்லத்தோடு புளிக்கவைத்த இரும்பு நீரால் எழுதினால் கறுப்பு. படிகார நீரால் எழுதிய இடமோ அப்போது வெளிறித்தான் தெரியும். இந்தக் கடற்கரை மணலில் விளையும் சாயவேரில் வேகவைத்த பிறகே சிவக்கும். நீலம் வேண்டிய இடம் தவிர மற்றதெல்லாம் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள்.

பிரான்சில் தடை நீங்கிய மறு ஆண்டே, 1760இல், பாரிசுக்கு அருகே ஓபர்காம்ப் அச்சுத்துணி ஆலை தொடங்கினார். சாயவேரின் சிவப்புப் பொருளான அலிசரினை 1868இல் ஜெர்மானியர் செயற்கையாகத் தயாரித்தனர். இங்கோ, கொள்ளிடக் கரைக் கோடாலிக்கருப்பூரில், இரண்டாம் சரபோஜி அரண்மனைக்காகச் சரிகையும் சாயமும் சேர்த்து உருவான புடவைக்கு, 1855இல் தஞ்சை அரசு மறைந்ததோடு ஆதரவு போயிற்று. கும்பகோணம் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயிலுக்கான தொம்பையும் (தொங்கும் உருளைத் துணி) ஆஸ்மானகிரியும் (மேல்விதானத் துணி) எழுதும் குடும்பங்கள் மரபைக் காத்தன. கருப்பூர்க் கலம்காரி ஓவியத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இன்றைய கலைஞர்கள் இருவரை இங்கே குறிப்பிட வேண்டும். பெங்களூரு ரேணுகா ரெட்டி, 18ஆம் நூற்றாண்டுத் துணிகளையும் செய்முறைக் குறிப்புகளையும் ஆராய்ந்து, படிகாரம், மெழுகு, வேர்ச்சாயம் என ஒவ்வொரு படியையும் சோதித்து, அந்நாளைய நுட்பத்தை மீட்டெடுத்து வருகிறார். வடோதராவில் பயின்ற லாவண்யா மணி (பிறப்பு 1977) அதே சாயங்களால் காலனிய வணிகத்தையும் பயணிகளின் கதைகளையும் துணியில் எழுதி, சித்திரத் துணி அலங்காரத்தின் வரலாற்றையே கேள்விக்கு உட்படுத்துகிறார். முன்னவர் நகலெடுக்கிறார், பின்னவரே படைக்கிறார் என்பாருண்டு. படிகாரம் பிடிக்கும் பதத்தைக் கண்டறிவதும் படைப்புதான்.

இன்று பல பட்டறைகளில் சிவப்புக்குப் பயன்படுவது கடையில் வாங்கிய அலிசரின் தூள். கரைமணலில் சாயவேர் மீண்டும் பயிராகாதவரை இந்த மீட்சி பாதி வேலைதான்.