உயிர்ப்பு

‘செல் சுவாசம்’ என்று பாடநூலில் படித்துவிட்டு, செல்லுக்கும் மூக்கு உண்டா என்று கழிமுகத்தை ஒட்டிய முகத்துவாரக்குப்பத்துப் பிள்ளைகள் கேட்டால் அவர்கள்மேல் குறையில்லை. சுவாசம் வடசொல்; மூச்சை இழுத்துவிடுவது என்ற பொருளில்தான் நம்மிடம் பழகியது. செல்லில் நடப்பதோ குளுக்கோஸை உடைத்து, அதிலுள்ள ஆற்றலை ஏ.டி.பி. என்ற மூலக்கூறில் சேர்ப்பது. ஆக்சிஜன் கிடைத்தால் ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் 30 ஏ.டி.பி.; எதிர்நீரில் துடுப்பு வலிக்கும் தசைக்கு ஆக்சிஜன் போதாமல் போனால் 2 மட்டுமே. கழிமுகத்தின் கறுத்த சேற்றில் காற்றே இல்லை. அங்குள்ள நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதில் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு பிழைக்கின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதன் விளைவு. இப்படிப் பிழைப்பதைக் ‘காற்றில்லா சுவாசம்’ என்கிறோம். தன்னோடு தானே மோதும் தொடர். இலங்கைத் தமிழர் செல்லைக் ‘கலம்’ என்றார்கள், அழகான சொல். அங்கும் சுவாசம் மாறவில்லை. நம்மிடம் ‘உயிர்த்தல்’ இருக்கிறது. மூச்சுவிடுதல், இளைப்பாறுதல், ஈனுதல் எல்லாம் அதன் பழைய பொருள்கள், நெட்டுயிர்ப்பு பெருமூச்சு. ராயபுரத்துத் தேவாலயங்களின் உயிர்ப்பு ஞாயிற்றில் அது உயிர்த்தெழுதலாக வாழ்கிறது. மூச்சு நுரையீரலுக்கு இருக்கட்டும். செல்லுக்கு ‘உயிர்ப்பு’ என்றே பாடநூலில் எழுதலாம்.