முந்நூறா, இருநூறா?

போன மே மாசம் அக்கா பையன்கிட்ட "கட்-ஆஃப் எவ்ளோடா?"ன்னு கேட்டேன். "187 மாமா"ன்னான். அவ்ளோதானான்னு உச் கொட்டிட்டேன். நம்ம காலத்துக் கணக்கு 300-க்கு, அவனோடது 200-க்கு! காணாமப் போன அந்த 100 தான் நுழைவுத்தேர்வு.

எம்.ஜி.ஆர். ஆட்சியில, 1984-ல வந்தது அது. அதுக்கு முன்னாடி நேர்முகத்துக்கும் மார்க் உண்டு. 1970-71 மருத்துவச் சேர்க்கையில 275-ல 75 மார்க் நேர்முகத்துக்கே! பெரியகருப்பன் வழக்குல உச்ச நீதிமன்றம், இது அதிகமாத் தெரியுதுன்னு சொல்லுச்சு. எழுதி வாங்கின மார்க்கை நாலு பேர் உக்காந்து கவுத்துடலாம் இல்லையா? சிபாரிசுக்கு ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைங்களுக்கு நுழைவுத்தேர்வு அப்போ நிஜமாவே நல்ல சேதிதான்.

ஆனா நாளாக ஆக அதுவே வேற மாதிரி ஆயிடுச்சு. பிளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிஞ்ச மறுநாளே டவுன்ல ரூம் எடுத்து கோச்சிங் சேரணும். எங்க வகுப்புல காசு இருந்தவன் போனான். மத்தவங்க, நானும்தான், சீனியர் குடுத்த கிழிஞ்ச கைடோட மரத்தடியில உக்காந்தோம். நாலு விடையில ஒண்ணை டிக் அடிக்கிறதுக்கும் ஒரு பழக்கம் வேணும்ங்கறதே பரீட்சை ஹால்லதான் புரிஞ்சுது.

2005-ல ஜெயலலிதா அரசு ரத்து பண்ணப் பார்த்துச்சு. உயர் நீதிமன்றம் செல்லாதுன்னுடுச்சு. 2006-ல கருணாநிதி அரசு சட்டம் போட்டு, ஜனாதிபதி ஒப்புதலும் வாங்கி, 2007 சேர்க்கையிலிருந்து பிளஸ் டூ மார்க் மட்டும்னு ஆச்சு. மருத்துவத்துக்கு 2017-ல நீட் வந்து பழைய சண்டை மறுபடி ஆரம்பிச்சது தனிக்கதை.

அந்த 100-க்கு நான் எவ்ளோ வாங்கினேன்னு மட்டும் கேக்காதீங்க மக்கா!