முத்துக்கரையின் முற்றத்துக் கோழிகள்

பொதியமலையில் தோன்றித் திருநெல்வேலிச் சீமையை வளப்படுத்திவரும் தாமிரபருணி கடலோடு கலக்கின்ற இடத்திலுள்ள புன்னைக்காயலைப் பற்றிச் சரித்திரகாரர்கள் எழுதும்போது, முத்துக்குளிப்பையும், போர்த்துகீசியர் ஆதிக்கத்தையும், 1542-இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாரையும், இவ்வூரில் தங்கித் தமிழுக்கு இலக்கணம் வகுத்து 1600-இல் மறைந்த அண்டிரிக் அடிகளாரையும் விரிவாகப் பேசுவார்கள். பேசத்தக்க விஷயங்களே அவை. ஆனால் ஆடவர் கடல்மேற் சென்றிருந்த பொழுதுகளில், வீட்டு முற்றத்திலே கோழி வளர்த்து, முட்டையையும் குஞ்சையும் விற்றுக் குடும்ப ஜீவனத்துக்குத் துணைநின்ற ஸ்திரீகளுக்கு அந்த ஏடுகளில் கிடைத்திருக்கும் இடம் மிகச் சிறிது. முத்தின் பெருமையை அறிந்த நாம் இந்த எளிய உத்தியோகத்தின் பழமையையும் அறிந்துகொள்வது நியாயம் என்றே கருதுகிறேன்.

பழமை என்று சொன்னது மிகையன்று. புன்னைக்காயலிலிருந்து நதியின் போக்குக்கு எதிராக மேற்கே சென்றால் ஆதிச்சநல்லூர் பறம்பு வருகிறது. அங்கே 1899-க்கும் 1905-க்கும் இடையில் அலெக்ஸாந்தர் ரீ என்பவர் அகழ்ந்தெடுத்த பொருள்களில், எருமை, ஆடு முதலிய வீட்டுப் பிராணிகளின் உருவங்களோடு சேவலின் உருவமும் வெண்கலத்தில் வார்க்கப்பட்டிருந்தது. புன்னைக்காயலுக்குத் தெற்கே சிறிது தூரத்தில் சேவற்கொடியோனாகிய முருகன் திருச்செந்தூரில் கோயில்கொண்டிருக்கிறான். சோழநாட்டு உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் வழங்கியது. விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்திலும், இந்தளூரிலும் போரில் மடிந்த சேவல்களுக்கு நடுகல் எடுத்திருக்கிறார்கள். போரிட்ட சேவலுக்குக் கல் கிடைத்தது. அடைகாத்த பெட்டைக்கு அது கிடைக்கவில்லை. எனினும் பட்டினப்பாலையின் ஆசிரியர், காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முன்றிலில் உலரும் உணவைக் கொத்தவந்த கோழியின்மேல் ஒரு பெண் தன் காதணியைக் கழற்றி எறிந்ததைப் பாடிவைத்திருக்கிறார். அந்தக் காதணியின் செல்வத்தை உரைகாரர்கள் வியந்தார்கள். எனக்கோ, தமிழ்நாட்டுக் கடற்கரை முற்றத்தில் கோழி திரிந்தமைக்கு இத்துணைப் பழைய சாட்சி இருக்கிறதே என்பதில்தான் மகிழ்ச்சி. பொதியமலைக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழிக்கும் இந்தப் பழமையில் ஒரு பங்குண்டு. வீட்டுக்கோழியின் பிரதான மூதாதை செந்நிறக் காட்டுக்கோழியே ஆனாலும், உலகெங்கும் காணப்படும் மஞ்சள் தோலும் மஞ்சள் காலும் இந்தச் சாம்பல் கோழியின் வழியாக வந்தவை என்று 2008-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி நிலைநாட்டியது.

இத்தகைய பிராணியை இந்தப் பிரதேசத்தில் வளர்ப்பது எளிதன்று. ஆற்றங்கரையை விட்டு விலகினால் ஒருபுறம் உப்பளம், மறுபுறம் தேரி. காற்று வாரிக் குவித்த செம்மணல் மேடுகளில் பனையும் உடையுமன்றி வேறு மரம் காண்பது அரிது. ஆனியிலும் ஆடியிலும் மேற்கு மலை மழையைத் தடுத்துவிட, வறண்ட காற்றுமட்டும் மணலைச் சுமந்துகொண்டு வருகிறது. ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே ஆண்டுக்கெல்லாம் ஆதாரம். கோழிக்கோ உடம்பில் வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயில் ஏறினால் வாயைத் திறந்து இளைத்து, இறக்கையை விரித்துச் சூட்டை வெளியேற்றுவதைத் தவிர அதற்கு வேறு உபாயம் இல்லை. ஆகையால் இக்கரையோரத்தார் உச்சிப்பொழுதில் இரை போடுவதில்லை. விடியலிலும் சாயங்காலத்திலும் குருணையோ கம்போ இறைத்துவிட்டு, நடுப்பகலில் பனையோலைச் சார்ப்பின் நிழலில் மண்சட்டித் தண்ணீரை மாற்றி மாற்றி வைப்பார்கள். கழுத்தில் இறகில்லாத கோழியைப் பார்க்க அழகில்லை என்று சிலர் ஒதுக்கினாலும், அந்த வெறுங்கழுத்து வழியே சூடு வெளியேறுவதால் கோடையைத் தாங்குவதில் அதற்கு நிகரில்லை.

அடைவைக்கும் காலத்தையும் வெயிலே நிர்ணயிக்கிறது. மழை ஓய்ந்த தை மாசி மாதங்களில் வைத்த முட்டை நன்றாகப் பொரியும். சித்திரையில் வைத்தால் பாதிக்குமேல் கூமுட்டையாகும். ஓலைப்பெட்டியில் மணல் பரப்பி, ஒற்றைப்படையில் முட்டைகளை எண்ணிவைத்து, இடிக்குக் காவலாக ஓர் இரும்புத் துண்டையும், கரித்துண்டையும், மிளகாய் வற்றலையும் போட்டுப் பெட்டையை உட்காரவைப்பது வழக்கம். இருபத்தொரு நாள் கழித்துத்தான் பலன் தெரியும். அந்த இருபத்தொரு நாளும் தெருவில் இதுவே பிரஸ்தாபம்.

"மதினி, எங்க கருப்பி அடைக்கு ஒக்காந்துட்டா. முட்டை பத்தல. ஒங்க சேவல் மிதிச்ச முட்டை நாலு தாங்களேன்."

"எடுத்துக்கோ தாயி. பொரிச்சா ரெண்டு குஞ்சு எனக்கு."

இந்த ஐந்து வாக்கியங்களுக்குள் ஓர் ஒப்பந்தமே அடங்கியிருக்கிறது. இதன் பெரிய வடிவந்தான் வாரம்: ஒருத்தி தன் பெட்டையை இன்னொருத்தியிடம் விடுவாள், தீனியும் காவலும் அவள் பொறுப்பு, வளர்ந்த குஞ்சுகளில் இருவருக்கும் சரிபாதி. எழுத்தும் சாட்சியும் இல்லாமல் நடப்பது. யாருடைய குஞ்சு என்று தெரிவதற்குக் காலில் துணிக்கிழிசல் கட்டியிருக்கும். அடுத்த வீட்டு வைக்கோலில் போய் முட்டையிட்ட பெட்டையைப் பற்றியும், பருந்து தூக்கிய குஞ்சைப் பற்றியும் உண்டாகும் வாக்குவாதங்களுக்கு அளவில்லை. ஆனால் விற்ற காசு அந்தப் பெண்களுடையது. அதைச் சிறுவாடு என்பார்கள். கணவன் கேட்பதில்லை, கேட்டாலும் கொடுப்பதில்லை.

அந்தச் சிறுவாட்டின் அருமையை, முத்துக்குளிப்புக் கூட்டமாகிய சலாபத்தின் சரித்திரமே எடுத்துக்காட்டும். சிப்பி விளைவது கடலின் சித்தம். 1830-இல் நடந்த சலாபத்துக்குப் பிறகு தூத்துக்குடிக் கரையில் அடுத்த சலாபம் 1860-இல்தான் கூடியது. முப்பது வருஷம், ஒரு தலைமுறைக் காலம், கடலடி முத்துப் பாரில் சிப்பி இல்லை. அத்தகைய காலங்களில் மீன்பிடியும், சங்குகுளிப்பும், இந்த முற்றத்து வரும்படியுமே குடும்பங்களுக்குக் கதி.

கடலும் கோழிக்குப் பிரதியுபகாரம் செய்யாமல் இல்லை. மீன் அறுக்கும் இடத்தில் குடலும் செதிலும் அதற்கு இரை. அளவு மீறினால் முட்டையில் கவிச்சி ஏறும் என்பதால், விற்பனைக்கு முட்டையிடும் பெட்டையைச் சமர்த்தான வீட்டுக்காரி அப்பக்கம் விடமாட்டாள். கரையில் நொறுங்கிக் கிடக்கும் சிப்பியையும் கிளிஞ்சலையும் கொத்துவதால் முட்டை ஓடு உறுதிப்படுகிறது. சிப்பி, முட்டை ஓடு, முத்து ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே சுண்ணாம்புப் பொருளால் ஆனவை. முத்தால் கோழிக்கு வந்த கேடு ஒன்றையும் சொல்ல வேண்டும். மங்கிய முத்தைக் கோழிக்கு விழுங்கக் கொடுத்து, சிறிது நேரத்தில் அதை அறுத்து எடுத்தால் முத்து வெளுத்துப் பிரகாசிக்கும் என்ற நம்பிக்கை நெடுந்தூரம் பரவியிருந்தது. எகிப்தில் கிடைத்து இப்போது ஸ்டாக்ஹோமில் பாதுகாக்கப்படும் பழைய கிரேக்கப் பாப்பிரஸ் ஏட்டில் இந்த முறை இருக்கிறது. எதிர்க்கரையான இலங்கையிலும் இது வழங்கியதாக 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பத்திரிகைகள் எழுதின. இரைப்பையின் புளிப்பு முத்தின் மேலேட்டைக் கரைப்பதே இதன் சூட்சுமம். ஒரு முத்தின் பளபளப்புக்கு ஓர் உயிரை மாய்த்த இந்தக் கொடுமையை எழுதவே மனம் கூசுகிறது.

1961-க்குப் பிறகு இக்கரையில் சலாபம் கூடவில்லை. நாமக்கல் பண்ணை முட்டைகள் கடைதோறும் வந்து குவிந்தன. ஆயினும் முற்றத்துக் கோழி மறையவில்லை. நாட்டுக்கோழிக்கு விலை ஏறவே செய்தது. அதற்குப் பரம சத்துரு வெள்ளைக்கழிச்சல். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் தென்பட்டு, பின்னர் இமயமலைச் சாரலில் உள்ள ராணிக்கேத்தில் கண்டறியப்பட்ட இந்நோய், புகுந்த தெருவில் ஒரு வாரத்தில் கூட்டையெல்லாம் காலியாக்கிவிடும். சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கும் கைவைத்தியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த நோயைத் தடுக்கவல்லது தடுப்பூசி ஒன்றே. மருந்துக் குப்பியோ நூறு கோழிக்கு உரியது. பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து, கரைத்தபின் இரண்டொரு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவள் தனியே வாங்கினால் மிகுதி வீணாகும். ஆதலால் முதல்நாள் மாலையே தெருவில் பேசிவைத்து, அவரவர் பங்குக் காசைச் சேர்த்து, மறுநாள் விடியுமுன் ஒருவரும் கூட்டைத் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.