ஒலியடங்கிய ஒளி

1905 ஆம் ஆண்டிலே சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படமெறி கருவியை வாங்கி ஊரூராய்ச் சென்று படங்காட்டினார். மௌனப்படக் காலத்தில் கருவியின் இரைச்சலை வாத்தியவொலி மறைத்தது. 1931 இல் 'காளிதாஸ்' வெளிவந்து படம் பேசத் தொடங்கியதும் அவ்விரைச்சல் குற்றமாயிற்று. தனியறையுட் கண்ணாடிக்குப் பின்னே கருவியை அடைத்தலே பரிகாரமாயிற்று.

பின்வந்த மின்னணுக் கருவியோ மீண்டும் அவைநடுவே அமர்ந்தது. விளக்கின் வெம்மையைத் தணிக்க விசிறி வேண்டும்; விசிறி விரைந்தால் இரைச்சல் மிகும். வேகம் பாதியானால் இரைச்சல் ஏறக்குறைய 15 டெசிபல் தாழும். ஆதலாற் பெரிய விசிறியை மெல்லச் சுழற்றி, அகன்ற வழியிற் காற்றைச் செலுத்துதலே நன்னெறி. காற்றுவழியை அடைத்து ஒலியடக்குதல் விளக்கையே அழிக்கும்.

வெயில் மிக்க வன்னியிலே, ஒட்டுசுட்டான் போன்ற ஊரின் வகுப்பறையிற் கடைவரிசை மாணவன் ஆசிரியர் சொல்லைக் கேட்பதும் கேளாதொழிவதும் இச்சிறு விசிறியைப் பொறுத்தனவே.